முயலின் கண்ணில் நீர் வடிந்தால் தீவனத் தொட்டியையும் பாருங்கள்

வீட்டு முயலுக்குக் கண்ணில் பீளை கட்டினால் பெரும்பாலும் நடப்பது இதுதான். மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி நாலு நாள் விடுவார்கள். வற்றிவிட்டதுபோல் தெரியும். அடுத்த வாரமே மறுபடி வடியும். உடனே வேறொரு சொட்டு மருந்து வரும். மருந்தின் மேல் பழி போட்டுப் பயனில்லை. முயலின் கண் தொல்லைகளில் பல வாயில் தொடங்குகின்றன. வாயின் தொல்லை தீவனத்தில் தொடங்குகிறது. அதனால் கண்ணைப் பார்க்கும்போதே பல்லையும் புழுக்கையையும் புல் வைக்கும் இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கீழே உங்கள் முயலுக்குப் பொருந்தும் அறிகுறியைத் தேடிப் படிக்கலாம். அதற்குமுன் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

வீட்டில் பார்த்துக்கொள்ளலாமா, இன்றே கிளம்ப வேண்டுமா?

கண்ணை இறுக மூடிக்கொண்டு திறக்க மறுப்பது, விழி வெளியே பிதுங்கி நிற்பது, கருவிழி திடீரென நீலம் பாய்ந்து மங்குவது, கண் கோளாறோடு தலை ஒருபக்கம் சாய்வது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். 12 மணி நேரமாகத் தின்னவில்லை, புழுக்கையும் இல்லை என்றால் கண் எப்படி இருந்தாலும் அவசரம்தான். கண் வலியாலோ பல் வலியாலோ தீனியை நிறுத்தும் முயலுக்குக் குடல் இயக்கம் நின்றுபோகும். கண்ணைவிட அதுதான் சீக்கிரம் உயிரை வாங்கும்.

மற்றவற்றுக்கு வீட்டில் இருக்க வேண்டியவை சில: 0.9 சதவீத நார்மல் சலைன் 100 மில்லி பாட்டில், சுத்தமான பஞ்சு, சிறிய டார்ச், சமையலறைத் தராசு. சலைன் கிடைக்காவிட்டால் 200 மில்லி தண்ணீரைக் கொதிக்கவைத்து, கால் டீஸ்பூனுக்குச் சற்று மேலாகத் தூள் உப்புப் போட்டு ஆறவிட்டு அன்றைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். மறுநாளுக்கு வைக்க வேண்டாம்.

முயலை ஒரு துண்டில் சுற்றி, பின்கால்கள் உதைக்காதபடி அணைத்து மேசைமேல் வைத்துத்தான் கண்ணைத் துடைக்க வேண்டும். அந்தரத்தில் தூக்கிப் பிடித்தால் உதறும். அந்த உதறலில் முயலின் முதுகெலும்பு முறிவதுண்டு. பஞ்சைச் சலைனில் நனைத்து, காய்ந்த பீளைமேல் அரை நிமிடம் வைத்து ஊறவிட்டு, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பில் துடையுங்கள். ஒரு கண்ணுக்குப் போட்ட பஞ்சை மறு கண்ணுக்குப் போடாதீர்கள்.

தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு, தேன், விளக்கெண்ணெய் எதையும் விடாதீர்கள். அதைவிட முக்கியமானது, வீட்டில் மனிதருக்கு வாங்கி மிச்சமிருக்கும் சொட்டு மருந்து. அதில் டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. கருவிழியில் புண் இருக்கும்போது ஸ்டீராய்டு விழுந்தால் புண் ஆழமாகி விழியே ஓட்டையாகலாம். பெட்டியின் முன்பக்கப் பெயரை நம்பாமல் கலவை எழுதியிருக்கும் இடத்தைப் படியுங்கள்.

அதே கவனம் மாத்திரைகளுக்கும் வேண்டும். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், செஃபலெக்சின், கிளிண்டாமைசின் போன்றவற்றை முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கவே கூடாது. குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து நஞ்சு பரவி, கண்ணில் பீளையோடு வந்த முயல் கழிச்சலில் இறந்துபோகும். ஆடுமாடுகளையே அதிகம் பார்க்கும் இடத்தில் மருந்து எழுதி வாங்கினால், 'இது முயலுக்கு வாய்வழி கொடுக்கலாமா' என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை.

ஒரு கண்ணில் மட்டும் பால் போல வடிகிறது, கன்னத்து மயிர் ஒட்டிப்போகிறது

இதுதான் அடிக்கடி வருவது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். நமக்கு ஒவ்வொரு கண்ணிலும் மேல் இமையில் ஒன்று, கீழ் இமையில் ஒன்று என இரண்டு கண்ணீர்த் துளைகள். முயலுக்குக் கீழ் இமையில் ஒன்றே ஒன்று. அங்கிருந்து மூக்குக்குப் போகும் கண்ணீர்க் குழாய் வளைந்து வளைந்து, மேல் அரவைப் பற்களின் வேர் அருகிலும் பிறகு மேல் வெட்டுப்பல்லின் வேரை ஒட்டியும் செல்கிறது. வளைவுகளில் குழாய் மிகவும் குறுகும்.

முயலின் 28 பற்களும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். வெட்டுப்பல் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வளரும். நீளமான புல்லை வாயில் வைத்துப் பக்கவாட்டில் அரைத்தால்தான் அரவைப் பற்கள் தேயும். குச்சித் தீவனமும் ஊறவைத்த தானியமும் ராகிக் களியும் நொறுங்கிவிடும். அவற்றுக்கு அரைப்பு வேண்டியதில்லை. தேயாத பல் எதிர்ப்பல்லில் முட்டி நிற்கும். பிறகு வேர் பின்னோக்கித் தாடைக்குள் நீளும். நீண்ட வேர் கண்ணீர்க் குழாயை நெருக்கும். போக வழியில்லாத கண்ணீர் தேங்கிக் கெட்டு வெள்ளையாகக் கண்ணோரம் வழியும். சொட்டு மருந்து அந்தக் கிருமியைக் கொஞ்ச நாள் அடக்கும், ஆனால் அடைப்பு அப்படியேதான் இருக்கும். நின்று நின்று மறுபடி வடிவதற்கு இதுவே காரணம்.

வீட்டில் இப்படிச் சோதித்துப் பாருங்கள்.

1. கண்ணின் மூக்கோர மூலைக்குச் சற்றுக் கீழே சுண்டுவிரலால் மெல்ல அழுத்துங்கள். மூலையில் பால் போன்ற திரவம் எழும்பி வந்தால் கண்ணீர்ப் பை நிரம்பியிருக்கிறது.
2. மேலுதட்டை விலக்கி வெட்டுப்பற்களைப் பாருங்கள். மேல்பல் கீழ்ப்பல்லுக்குச் சற்று முன்னால், உளி முனையாக முடிய வேண்டும். இரண்டும் நேருக்கு நேர் முட்டினாலும், ஒருபக்கம் சாய்ந்து தேய்ந்திருந்தாலும், பல்லில் குறுக்கு வரிகள் தெரிந்தாலும் உள்ளே அரவைப் பற்களிலும் கோளாறு இருக்க வாய்ப்புண்டு.
3. கீழ்த்தாடையின் அடி ஓரத்தை இரு பக்கமும் விரலால் தடவுங்கள். வழவழப்பாக இருக்க வேண்டும். வரிசையாகச் சிறு மேடுகள் தட்டுப்பட்டால் வேர்கள் கீழ்நோக்கி நீண்டிருக்கின்றன.
4. தின்னும் விதத்தைக் கவனியுங்கள். புல்லை முகர்ந்துவிட்டு விலகுவது, கொத்தமல்லி போன்ற மென்தழையை மட்டும் தின்பது, வாயிலிருந்து தீனி விழுவது, தாடை மயிர் எச்சிலில் நனைவது எல்லாம் பல் வலியின் அடையாளங்கள்.

அரவைப் பற்கள் ஆழத்தில் இருப்பதால் வீட்டில் பார்க்க முடியாது. அதற்குத் தலை எக்ஸ்ரே வேண்டும். நீண்ட வெட்டுப்பல்லை நகவெட்டியால் நறுக்கும் பழக்கம் சில பண்ணைகளில் உண்டு. பல் நீளவாக்கில் பிளந்து வேர் வரை சீழ் பிடிக்கும் என்பதால் அதைச் செய்யாதீர்கள்.

மருத்துவர் கண்ணில் மரப்புச் சொட்டு விட்டு, மெல்லிய குழலைக் கீழ் இமைத் துளையில் நுழைத்துச் சலைனால் குழாயைக் கழுவுவார். அதற்குமுன் மஞ்சள்பச்சைச் சாயம் ஒரு சொட்டு விட்டு, சில நிமிடங்களில் அந்தப் பக்க மூக்குத் துளையில் சாயம் வருகிறதா என்று பார்ப்பதுண்டு. ஒரு தடவை கழுவினால் பெரும்பாலும் போதாது. சில நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தேவைப்படும்.

அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கூட்டம் பெரும்பாலும் மாடும் ஆடும்தான். கிளம்புமுன் முயல் பார்ப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல் எக்ஸ்ரே, அறுவை என்ற கட்டம் வந்தால் தருமபுரி, அரூர் பக்கத்தினருக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும், ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்தினருக்குப் பெங்களூரு ஹெப்பால் கால்நடைக் கல்லூரியும் எட்டும் தூரத்தில் உள்ளன. போகும்போது தீவன மூட்டையின் சத்து விவரச் சீட்டையும், முயல் தின்னும் புல்லில் ஒரு பிடியையும், அன்றைய புழுக்கையையும் எடுத்துப் போங்கள். அந்த மூன்றும் நீங்கள் வாயால் சொல்வதைவிடத் தெளிவாகப் பேசும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடலாம். நீண்டுவிட்ட வேர் புல் போட்டதும் சுருங்காது. தீவனத்தை மாற்றுவது மேற்கொண்டு கெடாமல் இருக்கவும், மற்றப் பற்களைக் காப்பாற்றவும்தான். சில முயல்களுக்குக் கண் ஓரத்தைத் தினமும் துடைத்துக் காயவைப்பது ஆயுள் முழுக்கத் தொடரும். ஈரம் நின்றால் கன்னத் தோல் வெந்து மயிர் உதிரும்.

இரண்டு கண்ணும் சிவந்து நீர் கோக்கிறது

இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் வந்தால் பல்லைவிடக் காற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். முயல் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவைதான் இமைக்கும். அதன் கண்ணில் விழுந்த தூசியும் பட்ட ஆவியும் நெடுநேரம் தங்கும்.

கூண்டின் தரை மட்டத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். நின்றபடி மூக்கில் ஏறாத நெடி அங்கே ஏறினால், அதுதான் முயல் நாள் முழுக்கச் சுவாசிப்பது. சிறுநீரிலிருந்து கிளம்பும் அம்மோனியா கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும். தீவனத்தில் புரதம் கூடினால் இந்த நெடியும் கூடும். கடலைப் புண்ணாக்கும் கொள்ளும் தாராளமாகப் போடும் வீடுகளில் கூண்டு சீக்கிரம் நாறுவது இதனால்தான். தட்டைத் தினமும் கழுவுங்கள். காய்ந்து வெள்ளையாகப் படிந்த சிறுநீர்க் கறைக்கு வினிகர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் தேய்த்தால் கரையும். சிறுநீர் ஈரத்தின்மேல் பிளீச்சிங் பவுடரைத் தூவாதீர்கள். இரண்டும் கலந்து எழும் ஆவி அம்மோனியாவைவிடக் கொடியது.

அடுத்தது தூசி. புல் கட்டிலிருந்து ஒரு பிடியைக் கறுப்புத் துணிமேல் உதறுங்கள். துணி வெளுத்தாலோ பூஞ்சை வாடை வந்தாலோ அந்தக் கட்டு முயலுக்கு ஆகாது. வேர்க்கடலைக் கொடி நல்ல நார்தான், ஆனால் மண்ணோடு பிடுங்கப்படுவது. அறுவடைக்குப் பின் ஒரு மழை பட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். வெயிலில் உலர்ந்த, இலை பச்சையாகவே இருக்கும் கொடியை வாங்கி, வெளியே உதறிவிட்டு, மொத்த நாரில் ஒரு பங்காக மட்டும் கொடுங்கள். கொள்ளுப் பொட்டில் தூசி மிகுதி, தேவையில்லை. படுக்கைக்கு மரத்தூள், தென்னைநார்த் துகள் போடுவதைவிட வைக்கோலோ செய்தித்தாளோ போதும். கிரானைட் அறுக்கும் பட்டறை அருகிலோ, லாரி ஓடும் மண் சாலை ஓரத்திலோ கூண்டு இருந்தால் காற்றடிக்கும் பக்கத்தை ஈரச் சாக்கால் மறைத்து, சாக்கை வாரம் ஒருமுறை துவைக்கவும். கொசுவத்திச் சுருளும் விறகடுப்புப் புகையும் இதே கணக்கில் சேர்பவை.

மல்பெரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பட்டுப்புழு வளர்ப்பு நடக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மல்பெரி இலை எளிதில் கிடைக்கும். முயலுக்கு அருமையான தழை. தோட்டத்திலிருந்து நேராகப் பறித்தது என்றால் தயங்க வேண்டாம், மருந்தடித்து எத்தனை நாளாயிற்று என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். புழு தின்று மிஞ்சிய இலையையும் குச்சியையும் இலவசமாகக் கிடைக்கிறதே என்று அள்ளி வராதீர்கள். புழு தோலுரிக்கும் சமயங்களில் படுக்கைமேல் சுண்ணாம்புத் தூளும் கிருமிநாசினித் தூளும் தூவுவார்கள். முயல் அந்த இலைக்குள் முகத்தைப் புதைத்துத் தின்னும்போது தூள் நேராகக் கண்ணில் ஏறும்.

கூண்டைக் கழுவி, புல்லை மாற்றி மூன்று நாளாகியும் குறையவில்லை, கூடவே தும்மல், மூக்கில் கெட்டிச் சளி, முன்னங்கால்களின் உட்புறம் மயிர் சளியில் ஒட்டியிருத்தல் இருந்தால் அது பாஸ்டுரெல்லா போன்ற கிருமியால் வந்த சளிக்காய்ச்சலாக இருக்கலாம். முயல் மூக்கை முன்னங்காலால் துடைத்துக்கொள்ளும், அதனால் சாட்சி காலில் இருக்கும். மற்ற முயல்களிடமிருந்து பிரித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அம்மோனியா நெடியில் வாழும் முயலுக்கு இந்தக் கிருமி எளிதில் பற்றும், மருந்தும் சரியாகக் கேட்காது.

காலையில் நன்றாக இருந்தது, மாலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது

புல்லில் வந்த முள்ளோ விதையோ குத்தியிருக்க வாய்ப்பு அதிகம். பென்னாகரம், ஊத்தங்கரை பக்கத்துக் கரட்டு நிலங்களில் ஊசிப்புல் முற்றிய பிறகு அதன் விதை முனை துணியையே துளைக்கும். கொழுக்கட்டைப் புல் பூக்குமுன் அறுத்தால் நல்ல தீவனம். கதிர் முற்றினால் அதுவும் சுணை. கம்பு நேப்பியர் தாளின் ஓரம் அறுக்கக்கூடியது, முகத்து உயரத்தில் கொத்தாகத் தொங்கவிடாமல் சாண் நீளத்துக்கு வெட்டிப் போடுங்கள்.

டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து அடித்துப் பாருங்கள். மேலே மிதக்கும் துரும்பு என்றால் சலைனைத் தாராளமாக ஊற்றிக் கழுவ வெளியே வரும். குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். துரும்பு வந்துவிட்டாலும் கண்ணைத் திறக்க மறுத்தால் கருவிழியில் கீறல் இருக்கிறது. சாயச் சொட்டு விட்டால் புண்ணுள்ள இடம் பச்சையாக ஒளிரும். அதைப் பார்த்த பிறகே மருந்து முடிவாகும். கீறல் ஒரே நாளில் புண்ணாகிச் சீழ் வைப்பதுண்டு. விடியட்டும் என்றோ ஞாயிறு போகட்டும் என்றோ இருக்க முடியாது.

ஒன்றும் குத்தாமலேயே இதே கண்ணில் புண் திரும்பத் திரும்ப வந்தால் மறுபடி பல்லுக்குத்தான் வர வேண்டும்.

கண்ணில் வெள்ளை தெரிகிறது

வெள்ளை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மேற்பரப்பா உள்ளேயா என்று தெரியும்.

மேற்பரப்பில், ஓரத்திலிருந்து உள்நோக்கிப் பரவும் மங்கலான வெண்படிவு, வலியில்லாமல் இரண்டு கண்ணிலும் இருந்தால் கொழுப்புப் படிவாக இருக்கலாம். தழை தின்னும் பிராணிக்குக் கொலஸ்டிராலைச் சமாளிக்கும் உடலமைப்பு இல்லை. வேகவைத்த முட்டை, பால் பவுடர், பால் பன், நாய் பிஸ்கட், மீன்தூள் சேர்ந்த கோழித் தீவனம் என்று பாசத்தில் ஊட்டும் வீடுகளில் முதலில் இவற்றை நிறுத்த வேண்டும். கோழித் தீவனத்துக்கு இன்னொரு தடையும் உண்டு. சிலவற்றில் ரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சேர்க்கும் மருந்து முயலுக்கு நஞ்சு.

கண்மணிக்குள் வெண்மை தெரிந்தால் கண்புரை. வயதான முயலுக்கு வந்து, ஓட்டமும் தீனியும் மாறாமல் இருந்தால் பதற வேண்டாம். கூண்டுக்குள் பொருள்களை இடம் மாற்றாமல் வைத்தால் பார்வையில்லாமலே நன்றாக வாழும்.

இளம் முயலுக்கு ஒரு கண்ணில் புரை, கண்மணியைச் சுற்றிய நிறப்பகுதியில் வெள்ளைக் கட்டி, கண் சிவப்பு எனச் சேர்ந்து வந்தால் வேறு கதை. என்செஃபாலிட்டோசூன் குனிகுலி என்ற நுண்ணுயிர் கருவிலேயே தாயிடமிருந்து குட்டியின் கண் வில்லைக்குள் புகுந்து, பிறகு வில்லையைக் கிழித்துக்கொண்டு வெளிவரும். இதே நுண்ணுயிர்தான் தலை சாய்வுக்கும் பின்கால் தளர்ச்சிக்கும் காரணமாவது. வழக்கமான சிகிச்சை ஃபென்பெண்டசோல், கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் 28 நாள், மருத்துவர் கண்காணிப்பில். இங்கேயும் தீவனம் வந்து நிற்கிறது. நோயுள்ள முயலின் சிறுநீர் வழியாகத்தான் இது பரவுகிறது. புல்லைத் தரையில் கொட்டினால் அதன்மேலேயே சிறுநீர் கழித்து அதையே தின்னும். கூண்டின் பக்கவாட்டில் கம்பித் தொட்டி கட்டி, புல்லின் அடி தரைக்கு மேல் நான்கு விரற்கடையாவது இருக்கும்படி வையுங்கள். முனைகள் கண்ணுக்கு நேரே நீட்டாமல் தோள் உயரத்துக்குக் கீழே இருக்கட்டும்.

விழி பிதுங்குகிறது

ஒரு பக்கம் மட்டும் என்றால் விழிக்குப் பின்னால் சீழ்க்கட்டி என்பதே முதல் சந்தேகம். அதன் வேரும் பெரும்பாலும் மேல் அரவைப் பல்லில் இருக்கும். முயலின் சீழ் தண்ணீராக ஓடாது, வெண்ணெய்க் கட்டியாக இறுகியிருக்கும்; ஊசியால் உறிஞ்சி எடுக்க முடியாது, மாத்திரையிலும் கரையாது. பல்லைப் பிடுங்குவது, சில வேளை கண்ணையே எடுப்பது வரை போகும். இரண்டு விழியும் பிதுங்கி, தலையைத் தாழ்த்தும்போது இன்னும் கூடினால் நெஞ்சுக்குள் கட்டி வளர்ந்து ரத்தம் திரும்புவதைத் தடுக்கிறதா என்று எக்ஸ்ரே பார்க்க வேண்டும். எந்தப் பிதுக்கத்துக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது. போகும் வழியில் விழி காயாமல் சலைன் சொட்டு விட்டுக்கொண்டே போங்கள்.

இமையில் பொருக்கு

மூக்கு நுனி, இமை, காது ஓரம், பாதம் எனச் சாம்பல் நிறப் பொருக்குப் பரவி அரித்தால் சொறி. ஐவர்மெக்டின் ஊசி எடைக்கேற்பப் போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி போட வேண்டும். கூண்டையும் வெந்நீரில் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும். நாய்க்குப் போடும் ஃபிப்ரோனில் ஸ்ப்ரே முயலைக் கொல்லும். மண்ணெண்ணெய், கற்பூர எண்ணெய் தடவுவதும் வேண்டாம், அதிலும் கண்ணருகே. தூக்குபவர் கையிலும் சில நாள் அரிக்கும்.

இமையிலும் மூக்கிலும் இருக்கும் அதே பொருக்குப் பிறப்புறுப்பிலும் இருந்தால் அது முயல்களுக்குள் இணைசேர்க்கையிலும் தாயிடமிருந்தும் பரவும் தொற்று. பெனிசிலின் ஊசியாகப் போட்டால் கேட்கும், வாய்வழி கூடாது.

குட்டி கண் திறக்கவில்லை

பத்திலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் திறக்க வேண்டும். அதற்குப் பிறகும் மூடி, இமை உப்பலாக இருந்தால் உள்ளே சீழ். வெதுவெதுப்பான சலைன் பஞ்சை இரண்டு மூன்று நிமிடம் வைத்து ஊறியபின் இமைகளை மெல்ல விலக்குங்கள். வராவிட்டால் பிய்க்காமல் சில மணி கழித்து மறுபடி ஊறவிடுங்கள். கூடுப் பெட்டியில் ஈரப் படுக்கையை மாற்றுங்கள்.

நியூசிலாந்து வெள்ளை இன முயலுக்குக் கண் சிவப்பாகத்தான் இருக்கும். நோய் இல்லை. ஆனால் உச்சி வெயில் அதற்குக் கூசும், கூண்டுக்குள் ஒரு இருட்டு மூலை வேண்டும்.

கேரட்டும் வைட்டமின் ஏ-யும்

'கண்ணுக்குக் கேரட்' என்று தினம் ஒரு முழுக் கேரட் கொடுக்கும் வீடுகள் நிறைய. பச்சைத் தழை தின்னும் முயலுக்கு வைட்டமின் ஏ குறைவது அரிது. முருங்கை, அகத்தி, மல்பெரி இலைகளிலுள்ள கரோட்டினிலிருந்து உடலே செய்துகொள்ளும். குறைபாடு வருவதெல்லாம் வெயிலில் வெளுத்த பழைய வைக்கோலும், மாதக்கணக்கில் திறந்து கிடந்த தீவனமும் மட்டுமே தின்னும் முயலுக்குத்தான். அதற்காக மீனெண்ணெய் மாத்திரை வாங்காதீர்கள். வைட்டமின் ஏ மிகுந்தாலும் கெடுதல்தான், குறிப்பாகச் சினை முயலுக்கு. கேரட் இனிப்புப் பண்டம். விரல் தடிமனில் ஒரு துண்டு, வாரம் இரண்டு நாள். கேரட் தழை தாராளமாகப் போகலாம்.

2 கிலோ எடையுள்ள வளர்ந்த முயலுக்கு ஒரு நாள் கணக்கு இப்படி இருக்கட்டும். உலர்ந்த புல் அதன் உடல் பருமனுக்குக் குறையாத குவியலாக, எப்போதும் தீராமல். அருகம்புல், பூக்காத கொழுக்கட்டைப் புல், கினியாப் புல் முதல் தரம். ராகித் தாள் கிடைக்கும் காலத்தில் நல்ல துணை. நெல் வைக்கோலில் சத்துக் குறைவு, வேறில்லாதபோது மட்டும். பசுந்தழை 100 முதல் 150 கிராம், மூன்று வகையாவது கலந்து, அறுத்து அரை நாள் வாடவிட்டு. வேலிமசால், குதிரைமசால், அகத்தி புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகுந்தவை, அவை கலவையில் ஒரு பிடிக்கு மேல் வேண்டாம். குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் கூட்டலாம். சவுண்டல் இலையில் மைமோசின் என்ற நச்சு உண்டு, மயிர் கொட்டும், தவிர்ப்பதே நல்லது. குச்சித் தீவனம் 50 கிராமுக்கு மேல் போகக் கூடாது. சீட்டில் நார்ச்சத்து 18 சதவீதத்துக்குக் குறையாததாக, புரதம் 14 சதவீதத்தை ஒட்டியதாகப் பாருங்கள். இறைச்சி முயலுக்கான தீவனம் வேகமாக எடை ஏற்றச் செய்தது. வீட்டு முயலுக்கு அது பொருந்தாது.

ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளிச் செடி எளிதில் கிடைக்கிறது என்று இலையைப் போடாதீர்கள், நச்சு. மாம்பழக் காலத்தில் பெங்களூரா தோலைக் கூடையாகக் கொட்டுவதும் குடலைப் புளிக்கவைக்கும். கட்டைவிரல் நகமளவு பழம் போதும். ஓசூர்ப் பூப்பண்ணை ரோஜா இலையும் காலிஃபிளவர் வயல் தழையும் மருந்தில் குளித்தவை. பார்த்தீனியம் கலந்த அறுவடைப் புல்லை அப்படியே தூக்கிப் போடாமல் பிரித்தெடுங்கள்.

தண்ணீர் கிலோவுக்கு ஏறக்குறைய 100 மில்லி. தருமபுரி மாவட்ட ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃப்ளூரைடு அதிகம் என்பது ஊரறிந்தது; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். வாழ்நாள் முழுக்கப் பல் வளரும் பிராணிக்கு நீங்கள் குடிக்கும் தண்ணீரையே வையுங்கள். உப்பு நீரில் நிப்பிள் குழாய் முனை வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். தண்ணீர் குறைந்தால் முயல் முதலில் உலர்புல்லைத்தான் ஒதுக்கும். தினம் ஒருமுறை முனையை விரலால் தட்டிச் சொட்டுகிறதா என்று பாருங்கள், அல்லது கனமான மண்சட்டியில் வையுங்கள். முயலுக்குச் சட்டியில் குடிப்பதே இயல்பு.

குச்சித் தீவனத்திலேயே வளர்ந்த முயலை ஒரே நாளில் புல்லுக்கு மாற்றினால் பட்டினி கிடக்கும். வாரத்துக்குக் கால் பங்கு வீதம் குறையுங்கள். குச்சித் தீவனத்தை மாலையில் மட்டும் வைத்து, காலையில் பசித்திருக்கும்போது புதுப் புல் போடுங்கள். புல்லுக்குள் இரண்டு கொத்தமல்லித் தண்டைச் செருகி வைத்தால் தேடித் தேடி மேயும். புழுக்கையே அளவுகோல்: பெரிதாக, வெளிர் பழுப்பாக, உடைத்தால் நார் தெரிய வேண்டும். சிறிதாகக் கறுத்து ஒட்டினால் நார் போதவில்லை. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் முயலை எடை பாருங்கள். 2 கிலோ முயல் 200 கிராம் இறங்கினால் மாற்றத்தை நிறுத்திவிட்டுப் பல்லைக் காட்டுங்கள். புல்லைத் தின்ன விருப்பமிருந்தும் மெல்ல முடியாத முயலாக இருக்கலாம்.